பெட்டியில் மிச்சமிருந்த இடம்

அமெரிக்க அனிமே ரசிகர் ஒருவரின் பழைய அலமாரியைப் பார்த்தாலே அவர் எந்த வருஷம் ஏமாந்தார் என்று சொல்லிவிடலாம். கெட்டி அட்டையில் அழகாக அச்சிட்ட ஒரு பெட்டி இருக்கும். ஆறு டிவிடி கொள்ளும். உள்ளே மூன்றுதான், பிடிமானமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். 2000-களின் முற்பாதியில் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை விற்றவர்களின் வழக்கமான வியாபார உத்தி இது. முதல் வால்யூமைத் தனியாக ஒரு விலைக்கு விற்பார்கள். இன்னும் சில டாலர் போட்டால் மொத்தத் தொடரையும் அடுக்கிவைக்கும் பெட்டியோடு கிடைக்கும். டிவிடி உறைகளின் முதுகுகளை வரிசையாக நிறுத்தினால் ஒரு முழுப்படம் தெரியும்படி அச்சிட்டவர்களும் உண்டு. நாலாவது வால்யூம் வராமல் போனால் கதாநாயகி ஒற்றைக் கண்ணோடு நின்றுவிடுவாள்.

வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த எரிச்சலை விளக்க வேண்டியதில்லை. அங்கே தொலைந்தது ஒரு வாரம். இங்கே கதையின் பிற்பாதி.

வீடியோ கேசட் காலத்தில் எதிர்பார்ப்பே சின்னது. ஒரு கேசட்டில் இரண்டு எபிசோட், விலை 30 டாலரை ஒட்டி. சப்டைட்டில் போட்ட கேசட்டுக்கு டப்பிங் கேசட்டைவிடக் கூடுதல் விலை, ஏனென்றால் வாங்குகிறவர்கள் குறைவு. அந்தக் கணக்கில் நூறு எபிசோட் தாண்டிய தொடரை முடிப்பது என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் தலைக்கு மேல் வெள்ளம். அனிமைகோ என்ற சிறிய நிறுவனம் மட்டும் ஓவியக்கதைக் கலைஞர் ரூமிகோ தகாஹாஷியின் 'உருசெய் யாட்சுரா'வை எடுத்துக்கொண்டு பிடிவாதமாக நின்றது. 195 எபிசோட். ஜப்பானில் 1981-ல் தொடங்கி 1986-ல் முடிந்த தொடர். கேசட்டில் ஆரம்பித்த அனிமைகோ, 50 டிவிடிகளாக அதை முடித்தபோது வருஷம் 2006. ஒளிபரப்பானதைவிட மூன்று மடங்கு காலம் விற்றுத் தீர்த்திருக்கிறார்கள். அதை நிதானம் என்பதா வைராக்கியம் என்பதா தெரியவில்லை. ஆனால் ரசிகர்கள் அந்த நிறுவனத்தின் பெயரை மரியாதையோடு சொல்வதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

மற்றவர்கள் துண்டு துண்டாகத்தான் கொடுத்தார்கள். வேடிக்கையான ஒரு துண்டு உண்டு. 1977 முதல் 1980 வரை ஓடிய 'லூபன்' இரண்டாம் தொடரில் மொத்தம் 155 எபிசோட். அதில் 145-ஐயும் கடைசி எபிசோடையும் இயக்கியவர் பிற்பாடு உலகப் புகழ்பெற்ற ஹயாவோ மியாசாகி. அந்த மவுசுக்காக ஸ்ட்ரீம்லைன் பிக்சர்ஸ் அந்த இரண்டை மட்டும் தனியே டப்பிங் செய்து கேசட்டில் போட்டது. ஆக, அமெரிக்க ரசிகருக்கு முடிவு முதலில் வந்து சேர்ந்தது. 2000-களில் ஜெனியான் நிறுவனம் முதலிலிருந்து ஒழுங்காகத் தொடங்கியது; 79-ஆவது எபிசோடோடு நிறுத்திக்கொண்டது. முதல் பாதி கையில், கடைசி எபிசோட் கையில், நடுவில் பெரிய பள்ளம்.

டிவிடி வந்தபோது எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் தோன்றியது. ஜப்பானியக் குரலும் ஆங்கில டப்பிங்கும் சப்டைட்டிலும் ஒரே தட்டில், சண்டையே இல்லை. ஆனால் விற்ற முறை கேசட் காலத்து முறைதான். 26 எபிசோட் தொடரென்றால் ஆறேழு டிவிடி, ஒவ்வொன்றும் 30 டாலர், இரண்டு மாதத்துக்கு ஒன்று. முழுத்தொடரும் கையில் வர ஒரு வருஷத்துக்கு மேலாகும், செலவு இருநூறு டாலரைத் தொடும். முதல் வால்யூமை ஆயிரம் பேர் வாங்கினால் இரண்டாவதை அத்தனை பேர் வாங்க மாட்டார்கள். பிடிக்காதவர்கள் விலகுவார்கள், காசு தீர்ந்தவர்கள் விலகுவார்கள், கடைக்காரர் ஒண்ணாம் நம்பரை வைத்திருந்து அஞ்சாம் நம்பரை வைத்திருக்க மாட்டார். விற்பனைக் கோடு ஒவ்வொரு வால்யூமுக்கும் சரிந்துகொண்டே போகும். செலவுக் கோடு சரியாது. ஜப்பானிய உரிமையாளருக்குக் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகையை முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. ஆறாவது வால்யூமுக்கும் முதல் வால்யூமுக்குப் பேசிய அதே குரல் கலைஞர்கள் வந்து பேச வேண்டும்.

இதைவிட மோசமானது, ரசிகர்கள் பாடம் கற்றுக்கொண்டதுதான். தனித்தனி வால்யூம்களாக முடிந்த தொடரைக் கொஞ்ச நாள் கழித்து மெல்லிய உறைகளில் ஒரே பெட்டியாகப் போட்டு, இரண்டு மூன்று டிவிடி விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதல் நாளிலேயே ஓடிப்போய் வாங்கியவன் முட்டாளானான், பொறுத்திருந்தவன் புத்திசாலியானான். அதோடு பாதியில் நின்ற தொடர்களின் பட்டியலும் நீண்டது. "முழுசா வரட்டும், அப்புறம் வாங்கிக்கலாம்" என்பது ரசிகர்களின் பொது ஞானமாகிவிட்டது. தனி மனிதருக்கு அது நியாயமான முடிவு. ஆனால் எல்லாரும் சேர்ந்து அதே முடிவை எடுத்தால் முதல் வால்யூம் விற்காது. முதல் வால்யூம் விற்காவிட்டால் நாலாவது வராது. நாலாவது வராததைப் பார்த்தவர்கள் அடுத்த தொடருக்கு இன்னும் உஷாராவார்கள். பாதியில் விடுவார்களோ என்ற பயமே பாதியில் விட வைத்தது. நிறுவனங்களின் பேராசை என்று திட்டுவது சுலபம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் கயிற்றின் ஒரு முனை நம் கையிலும் இருந்தது.

இந்தச் சரிவின் நடுவில் கடைகளும் போயின. மால்தோறும் இருந்த, அனிமேவுக்குத் தாராளமாக இடம் கொடுத்த சன்கோஸ்ட் கடைகளின் தாய் நிறுவனம் மியூசிக்லேண்ட் 2006 ஜனவரியில் திவால் மனு போட்டது. இணையத்தில் ரசிகர்களே சப்டைட்டில் போட்டுப் பகிர்ந்த ஃபேன்சப்கள், ஜப்பானில் ஒளிபரப்பான சில நாளிலேயே இலவசமாகக் கிடைத்தன. 2007 செப்டம்பரில் ஜெனியான் அமெரிக்காவில் சொந்த விநியோகத்தை நிறுத்துவதாக அறிவித்தது. 'ஹெல்சிங் அல்டிமேட்', 'ஹிகுராஷி' போன்றவை அந்தரத்தில் நின்றன. அடுத்த வருஷம் இன்னொரு விநியோக நிறுவனமான ஃபனிமேஷன் கைகொடுத்தது. ஆனாலும் 'ஹெல்சிங் அல்டிமேட்' பத்துப் பாகமும் ஆங்கில டிஸ்க்காக வந்து முடிய 2014 ஆகிவிட்டது. 'இவாஞ்சலியன்' விற்று வளர்ந்த ஹூஸ்டன் நிறுவனம் ஏடிவி. 2008-ல் முப்பதுக்கும் மேற்பட்ட தலைப்புகள் அதன் கையைவிட்டு ஃபனிமேஷனுக்குப் போயின. 2009-ல் ஏடிவியே சொத்துகளை விற்றுக் கலைந்தது. அதே வருஷம் சென்ட்ரல் பார்க் மீடியா திவால். 2012 ஜனவரியில் பண்டாய் என்டர்டெயின்மென்ட் புதிய வெளியீடுகளை நிறுத்திக்கொள்வதாகச் சொன்னது. ஏற்கெனவே அறிவித்திருந்த 'நிச்சிஜோ', 'கோசிக்', 'டர்ன் ஏ கண்டம்' மூன்றும் ஒரு டிஸ்க்கும் வெளிவராமலே ரத்தாயின.

நிறுவனம் செத்துப் போனால் அழுதுவிட்டு விடலாம். நிறுவனம் நன்றாக இருக்கும்போதே தொடர் நின்றால்தான் வயிறு எரியும். 'கொடோச்சா' 102 எபிசோட். ஃபனிமேஷன் முதல் 51-ஓடு நிறுத்தியது. 178 எபிசோட் கொண்ட 'பிரின்ஸ் ஆஃப் டென்னிஸ்' தொடரை விஸ் நிறுவனம் 50-ல் விட்டது. அதே விஸ் 'ஹிகாரு நோ கோ'வின் 75 எபிசோடுக்கும் டப்பிங்கை முடித்துக் கையில் வைத்துக்கொண்டே டிவிடியை நடுவில் நிறுத்தியது. சமைத்து இறக்கிய பிறகு பந்தியைக் கலைப்பதுபோல. 'கின்டாமா'வின் முதல் 49 எபிசோடை சென்டாய் நிறுவனம் வெளியிட்டது; பல வருஷம் கழித்து 2015-ஆம் ஆண்டுத் தொடரை ஃபனிமேஷன் டப்பிங்கோடு போட்டது. இரண்டுக்கும் நடுவில் இருநூறுக்கும் மேற்பட்ட எபிசோட். அந்த இரண்டு பெட்டிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள், விருந்தாளி வந்தால் என்ன விளக்கம் சொல்வார்களோ.

நம் ஊர் கார்ட்டூன் நெட்வொர்க் பார்வையாளர்களுக்குத் தெரிந்த 'டிராகன் பால் ஸீ'யின் கதை இன்னொரு தினுசு. அது விற்காத சரக்கல்ல, பொன்முட்டை. தொடர் பலமுறை முழுமையாக வந்திருக்கிறது. பாதியில் நின்றவை நல்ல பதிப்புகள். வெட்டப்படாத ஆரம்ப எபிசோடுகளைப் புது டப்பிங்கோடு தருவதாகச் சொல்லி 2005-ல் ஃபனிமேஷன்காரர்கள் ஒரு டிவிடி வரிசை தொடங்கினார்கள். ஒன்பது வால்யூமோடு அதைக் கைவிட்டு, 2007-ல் பெரிய பெட்டிகளுக்குத் தாவினார்கள். அதில் பழைய சதுரமான படத்தை அகலத் திரைக்கு ஏற்ப மேலும் கீழும் நறுக்கியிருந்தார்கள். 2011 இறுதியில் 'லெவல்' என்ற பெயரில் ப்ளூ-ரே வந்தது. ஃப்ரேம் ஃப்ரேமாகச் சுத்தம் செய்து, படத்தை நறுக்காமல். இரண்டே பெட்டி. அந்த அளவு உழைப்புக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை என்று மொத்தம் 291 எபிசோடில் முதல் முப்பத்துச் சொச்சத்தோடு நிறுத்திவிட்டார்கள். 2013-ல் மறுபடி நறுக்கிய பதிப்பு. சுமாரான பதிப்புகள் முடிவதும் அருமையானவை அறுந்துபோவதும் தற்செயல் அல்ல. அக்கறைக்குத்தான் செலவு அதிகம்.

அன்றைய கடன்கள் சிலவற்றை இன்று அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 1996-97-ல் ஓடிய 'செய்லர் மூன்' ஐந்தாம் பருவம் 2019-ல்தான் ஆங்கில டிஸ்க்காக வந்தது. முதல் இரண்டு பருவத்தை ஏடிவியிடமும் அடுத்த இரண்டை பயனீர் நிறுவனத்திடமும் வாங்கிவிட்டு ஐந்தாவதற்காக உட்கார்ந்திருந்த பள்ளிச் சிறுமிகள் அதற்குள் தாய்மாராகியிருப்பார்கள். 'டர்ன் ஏ கண்டம்' 2015-ல் வந்தது, 'நிச்சிஜோ' 2017-ல் வந்தது. லூபனின் நடுப்பள்ளத்தை நிரப்பியவர்கள் புளோரிடாவின் டிஸ்கோடெக் மீடியா. இவர்கள் உயர்தெளிவில் இல்லாத பழைய தொடர்களை ப்ளூ-ரே தட்டில் போட்டு, ஒரு தட்டிலேயே பல டஜன் எபிசோடுகளை அடைத்துவிடுகிறார்கள். அனிமைகோ 50 தட்டில் விற்ற 'உருசெய் யாட்சுரா' இப்போது நாலு பெட்டி. ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'லைசென்ஸ் ரெஸ்க்யூ', மீட்பு. மீட்பவர் பெரும்பாலும் முதல் எபிசோடிலிருந்துதான் தொடங்குவார், ஆகவே பாதி வைத்திருப்பவர் அந்தப் பாதியையும் மறுபடி வாங்கத்தான் வேண்டும். யாரும் பெரிதாக முணுமுணுக்கக் காணோம்.

முழுமை என்பதற்கே வேறு விலை வைத்தவர்களும் உண்டு. 110 எபிசோட் கொண்ட 'லெஜண்ட் ஆஃப் தி கேலக்டிக் ஹீரோஸ்' 2018-ல் முதல்முறையாக ஆங்கிலத்தில் முழுசாக டிஸ்க்கில் வந்தது. ஆயிரம் பெட்டி மட்டும், ஒன்று எண்ணூறு டாலர்.

இன்று பொதுவாக ஒரு தொடர் மூன்றாவது வால்யூமில் அறுந்துபோவதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று எபிசோட் கொண்ட பருவத்தை ஒரே பெட்டியாகத்தான் விற்கிறார்கள். அறுந்தால் பருவத்துக்கும் பருவத்துக்கும் நடுவில் அறுகிறது. முதல் பருவம் டிஸ்க்கில் இருக்கும், இரண்டாவது இருக்காது. இன்னும் பலவற்றுக்கு டிஸ்க்கே கிடையாது. க்ரஞ்சிரோல் என்ற ஸ்ட்ரீமிங் சேவை 2009 முதல், ஜப்பானில் ஒளிபரப்பாகிற அன்றே சப்டைட்டிலோடு சட்டப்படி தருகிறது. கேசட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது நம்பமுடியாத வசதி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சோனி 2017-ல் ஃபனிமேஷனையும் 2021-ல் க்ரஞ்சிரோலையும் வாங்கியது. அடுத்த வருஷம், 1987-லிருந்து தபாலில் அனிமே விற்ற அயோவாவின் ரைட் ஸ்டஃப் கடையும் க்ரஞ்சிரோல் வசமானது. 2023-ல் அந்தக் கடையின் பெயரே போய்விட்டது. 2024-ல் பெஸ்ட் பை கடைகள் டிஸ்க் விற்பனையை விட்டன. ப்ளூ-ரேயை உலகத்துக்கு விற்ற முன்னணி நிறுவனத்தின் கையில் அனிமே விநியோகம் குவிந்த காலமும், அனிமே டிஸ்க்குக்குக் கடை கிடைக்காத காலமும் ஒன்றாக அமைந்தது.

ஃபனிமேஷன் டிஸ்க் பெட்டிகளுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருக்கும். அதிலுள்ள குறியீட்டைப் பதிந்தால் டிஜிட்டல் பிரதி உங்களுடையது என்றார்கள். 2024 ஏப்ரல் 2-ஆம் தேதி ஃபனிமேஷனின் செயலி மூடப்பட்டது. பிரதிகள் க்ரஞ்சிரோலுக்கு மாறவில்லை. ஸ்ட்ரீமிங் சேவைகளிலிருந்து தொடர்கள் மறைவதும் இப்படித்தான், உரிமம் முடிந்த நள்ளிரவில். பட்டியலில் ஒரு பெயர் குறையும், அவ்வளவுதான். மற்ற படங்கள் நெருங்கி வந்து அந்த இடத்தை மூடிவிடும். அன்று நின்றுபோன தொடருக்கு அலமாரியில் ஓர் ஓட்டை இருந்தது. கண்ணில் படும்போதெல்லாம் திட்டவும் முடிந்தது.

பழைய பெட்டியை வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போடுவதில்லை. பிற்பாடு மீட்டு வந்த முழுத்தொடரை வாங்கி அதில் நுழைத்துப் பார்த்தால் பொருந்தாது. ப்ளூ-ரே உறை டிவிடி உறையைவிடக் குட்டை. பழைய மூன்று டிவிடிக்குப் பக்கத்தில், ஒரு விரல் தடிமனில், மொத்தக் கதையும் அடங்கிய நீல உறை நிற்கும். அதற்குப் பிறகும் பெட்டியில் இரண்டு டிவிடிக்கு இடம் இருக்கும்.