மருந்தடிக்கும் கைக்கு எந்த உறை?

பூச்சிமருந்து அடிக்கும்போது கையுறை போடுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த உறை என்று சொல்பவர்கள் குறைவு. கடையில் கேட்டால் பெரும்பாலும் உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசிய துணி உறையை எடுத்துக் கொடுப்பார்கள். அது முள் வெட்டவும் மூட்டை தூக்கவும் நல்லது. மருந்துக்கு அதைப் போடுவது வெறுங்கையைவிட மோசம் என்றே சொல்வேன். புறங்கைத் துணி மருந்தை உறிஞ்சி, வேலை முடியும்வரை தோலோடு ஒட்டி வைத்திருக்கும்.

2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்து மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். தண்ணீர் கலக்காத மருந்தை டப்பாவிலிருந்து அளந்து ஊற்றும் நேரம்தான் கைக்கு அதிக ஆபத்து.

உறையின் மேல் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். சுத்தியல் படமும் 388 என்ற எண்ணும் இருந்தால், உராய்வு, வெட்டு, கிழிசல், குத்து ஆகியவற்றை அது எவ்வளவு தாங்கும் என்று சோதித்திருக்கிறார்கள். கீழே 4 என்று இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். அந்தச் சோதனையில் ஒரு சொட்டு மருந்துகூடப் படுவதில்லை.

குடுவைப் படமும் 374ம் இருந்தால் ரசாயனம் தாங்கும் உறை. 'ஏ' வகை, ஆறு ரசாயனங்களை ஒவ்வொன்றும் குறைந்தது 30 நிமிடம் தாங்க வேண்டும். 'பி' வகைக்கு மூன்று ரசாயனம் போதும். 'சி' வகைக்கு ஒன்றே ஒன்று, அதுவும் 10 நிமிடம்தான்.

மருந்தடிப்பவருக்கென்றே 2019ல் வந்தது ஐ.எஸ்.ஓ. 18889. அதில் 'ஜி2' குறி உள்ளதே மருந்து கலக்கவும் ஏற்றது. 'ஜி1' கலக்க உதவாது. 'ஜிஆர்', மருந்தடித்துக் காய்ந்த வயலில் வேலை செய்பவருக்கு.

இந்தக் குறிகள் உங்கள் ஊர்க் கடையில் இல்லையா? உள்ளே துணி இல்லாத, தடித்த நைட்ரைல் ரப்பர் உறையாகக் கேளுங்கள். அது முன்கையில் பாதிவரை வர வேண்டும். நமது 1971ம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகளும் நீர் புகாத, அந்த அளவு நீள உறையையே கேட்கின்றன.

போடுமுன் உறையில் தண்ணீர் நிரப்பிப் பிதுக்கினால் ஓட்டை தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் கையில் இருக்கும்போதே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கழற்றுங்கள். வாய்க்காலில் கழுவ வேண்டாம். ஓட்டை விழுந்த உறையை நறுக்கிவிட்டே எறியுங்கள். இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டகை வேலைக்கு ஆகும் என்று வீட்டில் யாராவது எடுத்து வைத்துவிடுவார்கள்.