தேர்தல் முடிவு விரிதாள்களில் தொகுதிப் பெயர்கள்: சித்தூர் வட்டாரச் சான்றுகள்

1. முன்னுரை

இந்தியத் தேர்தல் ஆணையம் வெளியிடும் புள்ளிவிவர அறிக்கைகள் தேர்தல்தோறும் தனித்தனியே அமைவன. இரு தேர்தல்களை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர் அவற்றைக் கணிப்பொறியில் ஒரே விரிதாளாக இணைக்க வேண்டியுள்ளது. அவ்வாறு இணைக்கும்பொழுது பெரும்பாலும் தொகுதியின் பெயரே அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றது. பெயரால் மனிதர் ஓர் இடத்தை உணர்கின்றனர். கணிப்பொறியோ எழுத்துகளின் வரிசையை மட்டுமே காண்கின்றது. இவ்வேறுபாட்டால் விளையும் பிழைகளையும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் தமிழும் தெலுங்கும் வழங்கும் சித்தூர் வட்டாரச் சான்றுகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

2. ஓரிடம், பல எழுத்து வடிவம்

வரசித்தி விநாயகர் கோயிலால் புகழ்பெற்ற ஊரைத் தமிழர் ‘காணிப்பாக்கம்’ என்பர். ‘காணி’ நில உரிமையையும் ‘பாக்கம்’ குடியிருப்பையும் குறிக்கும். தெலுங்கு வழக்கில் பகரமும் ககரமும் இரட்டிப்பதில்லை. உரோமன் எழுத்தில் பெயர்க்கும்பொழுது இவ்வேறுபாடு இரு வேறு பெயர்களாகப் பதிவாகின்றது. ‘திருப்பதி’ என்னும் பெயரில் தகரம் இருமுறை வருகின்றது. தகரத்தை ஓரெழுத்தாலும் ஈரெழுத்தாலும் எழுதும் வழக்கம் இருத்தலின், இதனால் மட்டும் நான்கு வடிவங்கள் தோன்றக்கூடும். நான்கும் கணிப்பொறிக்கு நான்கு தொகுதிகளே.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. ‘நெல்லூர்’ என்று தேடினால் நெல்லூர் நகரம், நெல்லூர் ஊரகம் ஆகியவற்றோடு சித்தூர்ப் பகுதியிலுள்ள கங்காதர நெல்லூரும் வந்து சேரும். கேரளத்தின் பாலக்காட்டு மாவட்டத்திலும் ‘சிற்றூர்’ என்னும் சட்டமன்றத் தொகுதி உண்டு. உரோமன் எழுத்தில் அதற்கும் சித்தூருக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. பல மாநிலங்களின் முடிவுகளை ஒன்றாகத் தொகுப்போர் மாநிலத்திற்கெனத் தனி நிரல் அமைத்தல் இன்றியமையாதது.

3. ஒரு பெயர், வேறு நிலப்பரப்பு

எழுத்து வடிவத்தைச் சீராக்கினாலும் சிக்கல் முழுதும் தீர்வதில்லை. 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்கு முன் சித்தூர் மாவட்டத்தில் 15 தொகுதிகள் இருந்தன. வேப்பஞ்சேரி, புத்தூர், வாயல்பாடு ஆகிய மூன்றும் நீங்கின. பூதலப்பட்டு, கங்காதர நெல்லூர் ஆகிய இரண்டும் தோன்றின. தொகை 14 ஆயிற்று. காணிப்பாக்கம் பூதலப்பட்டுத் தொகுதியில் அடங்கியது. 2004ஆம் ஆண்டுப் பட்டியலில் பூதலப்பட்டு என்னும் பெயரே இல்லை. எனவே இத்தொகுதியின் 2004ஆம் ஆண்டுக் கட்டம் வெற்றிடமாகவே இருத்தல் வேண்டும். அதில் சுழியம் இடுதல் பிழை. பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லை மாறியிருக்கக்கூடும் என்பது கருதத்தக்கது.

4. எண்ணும் நிலையானதன்று

பெயருக்கு மாற்றாக ஆணையத்தின் தொகுதி எண்ணைக் கொள்ளலாம் எனத் தோன்றும். ஆயின் 2009இல் குப்பம் தொகுதியின் எண் 294; பூதலப்பட்டின் எண் 292. 2014இல் மாநிலம் பிரிந்து 119 தொகுதிகள் தெலுங்கானாவிற்குச் சென்றபின் அவை முறையே 175, 173 ஆயின. பழைய எண்ணிலிருந்து 119ஐக் கழித்தால் புதிய எண் கிடைக்கும். இதனை அறியாது எண்ணால் இணைப்பவர் 2009ஆம் ஆண்டின் வேறொரு தொகுதியைப் பூதலப்பட்டோடு பொருத்திவிடுவர்.

5. மாவட்டமும் கட்சியும்

2022 ஏப்ரலில் ஆந்திர மாவட்டங்கள் 13லிருந்து 26 ஆக்கப்பட்டன. அதனால் சித்தூர் மாவட்டத்தில் ஏழு தொகுதிகளே எஞ்சின. 2019இல் பழைய மாவட்டத்தின் 14 இடங்களுள் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசு 13இல் வென்றது. 2024இல் அக்கட்சி பழைய எல்லைப்படி 14இல் இரண்டையும், 2022ஆம் ஆண்டு எல்லைப்படி ஏழில் ஒன்றையும் பெற்றது. இரு கணக்கும் சரியே; ஒன்றின் பகுதியை மற்றொன்றின் தொகையோடு ஒப்பிடுதலே தவறு.

கட்சிப் பெயரும் இத்தகையதே. திருப்பதியில் 2019இல் தெலுங்கு தேசம் போட்டியிட்டது. 2024இல் கூட்டணியின் சார்பில் சனசேனா போட்டியிட்டு வென்றது. கட்சி நிரல் மட்டும் இருப்பின் தெலுங்கு தேசத்தின் வாக்குகள் அங்கு முற்றிலும் அழிந்தனவாகத் தோன்றும். மாநில அளவிலும் அக்கட்சி 2019இல் 175 இடங்களிலும் 2024இல் 144 இடங்களிலும் நின்றமையால், அதன் இரு வாக்கு விழுக்காடுகள் நேரடி ஒப்பீட்டிற்கு உரியன அல்ல.

முறையான ஒப்பீடு தரும் பயனுக்கும் இங்குச் சான்று உண்டு. 2019இல் தெலுங்கு தேசமும் 2024இல் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் ஏறத்தாழ 39 விழுக்காடு வாக்குகளையே பெற்றன. முன்னதற்கு 23 இடங்களும் பின்னதற்கு 11 இடங்களும் கிடைத்தன. இடங்களை மட்டும் காட்டும் அட்டவணை இவ்வொற்றுமையை மறைத்துவிடும்.

6. முடிவுரை

ஒரு நிரையில் ஒரு தேர்தலின் ஒரு வேட்பாளரை மட்டும் பதிதல் நன்று. தேர்தல் ஆண்டு, பொதுத்தேர்தலா இடைத்தேர்தலா என்பது, மாநிலம், மறுவரையறைக் காலம், ஆணைய எண், மூலத்தில் உள்ளவாறான பெயர், சீர்ப்பெயர், கட்சி, கூட்டணி, வாக்கு ஆகியன தனித்தனி நிரல்களாதல் வேண்டும். மூல வடிவத்தைத் திருத்தி அழித்துவிடாமல் சீர்ப்பெயரை அதனருகே வைத்தால் பின்வருவோர் சரிபார்க்க இயலும். ஒரு வட்டார மக்கள் கட்சி மாறினர் என்று கூறுமுன், மாறியது மக்களின் வாக்கா, பெயரா, எல்லையா என்பதனை அட்டவணையே காட்டுதல் வேண்டும்.