கித்தாருக்கு ஒரு மிதிப் பெட்டி

கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரி ஒரு பழைய வியாபார ஊர். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் கடைத்தெரு அங்கே உண்டு. மலையாளம், தமிழ், கொங்கணி, குஜராத்தி என்று பல மொழி பேசும் மக்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள்.

பாட்டும் இந்த ஊருக்குப் பழக்கமானது. கல்யாண வீடுகளில் பாடிப் பெயர் பெற்ற மெஹபூப் கொச்சிக்காரர். அவர் 1981இல் மறைந்தார். கசல் பாடகர் உம்பாயி மட்டாஞ்சேரிக்காரர். அவர் 2018இல் மறைந்தார். மின்சாரக் கித்தாரும் கொச்சிக்குப் புதிதல்ல. ‘13 ஏ.டி.’ என்ற குழு 1970களிலேயே இங்கே வாசித்தது. 1996இல் ‘மதர்ஜேன்’ குழு தொடங்கியது. அதில் வாசித்த பைஜு தர்மஜன் கித்தாரில் கர்நாடக சங்கீதத்தின் கமகத்தைக் கொண்டுவந்தார்.

இந்தக் கலைஞர்களின் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். காலால் மிதித்தால் கித்தாரின் குரல் மாறும். இதை ‘பெடல்’ என்பார்கள். கடையில் நல்ல பெடல் பல ஆயிரம் ரூபாய். சுமை தூக்குபவரின் மகனோ, சலவைத் தொழிலாளியின் மகளோ கித்தார் கற்கலாம். பெடல் வாங்க அவர்கள் எங்கே போவார்கள்?

வாங்க வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம். சில நூறு ரூபாய் போதும்.

பழுதில் பிறந்த ஒலி

அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு முறை ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். ஒலிப்பதிவுக் கருவியில் ஒரு பகுதி கெட்டுப்போயிருந்தது. கித்தாரின் ஒலி கரகரவென்று வந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மக்களுக்கும் பிடித்துவிட்டது. அதே கரகரப்பைத் தரும் பெடல் 1962இல் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தில் ‘கிங்க்ஸ்’ குழுவின் டேவ் டேவிஸ் வேறு வழி கண்டார். 1964இல் அவர் ஒலிபெருக்கியின் காகிதத்தையே பிளேடால் கீறினார்!

நாம் எதையும் கீற வேண்டாம்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது?

கித்தார் கம்பி அதிர்கிறது. கம்பிக்குக் கீழே காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. அங்கே மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அது அலை அலையாக வரும்.

நம் பெட்டி இரண்டு வேலை செய்யும். டிரான்சிஸ்டர் அந்த அலையைப் பெரிதாக்கும். பிறகு இரண்டு டையோடுகள் அலையின் மேலும் கீழும் சீவிவிடும். இளநீர்க்காரர் இளநீரின் தலையைச் சீவுவது போல. உருண்டையான அலை தட்டையாகிறது. தட்டையான அலைதான் நம் காதில் கரகரப்பாகக் கேட்கிறது.

தேவையான பொருள்கள்

பி.சி. 547 டிரான்சிஸ்டர் 1
1என் 4148 டையோடு 2
ரெசிஸ்டர்: 390 ஓம், 4,700 ஓம், 22 லட்சம் ஓம், ஒவ்வொன்றும் 1
‘104’ என்று எழுதிய கெப்பாசிட்டர் 2
ஒரு லட்சம் ஓம் வால்யூம் கன்ட்ரோல் 1
கால் அங்குல ஜாக்: ஸ்டீரியோ 1, மோனோ 1
ஆறு கால் உள்ள மிதி ஸ்விட்ச் 1
9 வோல்ட் பேட்டரி, அதன் கிளிப், துளையிட்ட போர்டு, ஒயர், ஒரு தகரப் பெட்டி

எர்ணாகுளம் பள்ளிமுக்கில் எலெக்ட்ரானிக் சாமான் கடைகள் நிறைய உண்டு. அங்கே கேட்டுப் பாருங்கள்.

நிறமும் ஓர் எழுத்துதான்

ரெசிஸ்டரில் எண் எழுதியிருக்காது. நிறக் கோடுகள் இருக்கும். அதைப் படிக்கத் தெரிய வேண்டும்.

கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9.

நான்கு கோடு உள்ள ரெசிஸ்டரை எடுங்கள். தங்க நிறக் கோடு வலப்பக்கம் இருக்கட்டும். முதல் இரண்டு கோடுகள் எண்கள். மூன்றாவது கோடு எத்தனை பூஜ்யம் என்று சொல்லும். ஆரஞ்சு, வெள்ளை, பழுப்பு என்றால் 3, 9, ஒரு பூஜ்யம். அதாவது 390 ஓம்.

இணைக்கும் முறை

1. டிரான்சிஸ்டரின் தட்டையான முகம் உங்களைப் பார்க்கட்டும். கால்கள் கீழே இருக்கட்டும். இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர்.

2. கலெக்டரிலிருந்து 4,700 ஓம் வழியாகப் பேட்டரியின் பிளஸ். எமிட்டரிலிருந்து 390 ஓம் வழியாக மைனஸ். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 22 லட்சம் ஓம்.

3. கித்தாரின் ஒலி ஒரு கெப்பாசிட்டர் வழியாகப் பேஸுக்குள் போகும். இன்னொரு கெப்பாசிட்டர் வழியாகக் கலெக்டரிலிருந்து வெளியே வரும்.

4. வெளியே வரும் இடத்திலிருந்து மைனஸுக்கு இரண்டு டையோடுகளையும் வையுங்கள். ஒன்றின் கறுப்புக் கோடு மேலே, மற்றதன் கோடு கீழே இருக்க வேண்டும்.

5. அதே இடத்தை வால்யூமின் ஓரக் காலில் இணையுங்கள். மறு ஓரக் கால் மைனஸுக்கு. நடுக்காலில் ஒலி கிடைக்கும்.

6. ஸ்விட்சின் ஆறு கால்கள் இரண்டு வரிசையாக இருக்கும். நடுக்கால் இரண்டில் ஒன்று கித்தார் ஜாக்குக்கு, மற்றது வெளி ஜாக்குக்கு. ஒரு முனையின் இரண்டு கால்கள் போர்டின் நுழைவுக்கும் வால்யூமின் நடுக்காலுக்கும். மறு முனையின் இரண்டு கால்களை ஒயரால் சேர்த்துவிடுங்கள். ஒரு முறை மிதித்தால் கரகரப்பு. மறுமுறை மிதித்தால் பழைய ஒலி.

7. கித்தார் ஜாக் ஸ்டீரியோவாக இருக்கட்டும். பேட்டரியின் கறுப்பு ஒயரை அதன் நடு வளையக் காலில் இணையுங்கள். போர்டின் மைனஸை ஜாக்கின் உடல் காலில் இணையுங்கள். ஒயரைச் செருகினால்தான் பேட்டரி வேலை செய்யும். உருவினால் நின்றுவிடும்.

8. தகரப் பெட்டியும் மைனஸோடு சேர வேண்டும். அப்போதுதான் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் அடங்கும்.

கவனம்!

பேட்டரியை மட்டுமே பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்கவே கூடாது. அது உயிரை எடுக்கும். சால்டரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஈயம் நஞ்சு. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதற்குப் பிறகே சாப்பிடுங்கள்.

ஒலி வரவில்லையா?

பயப்படாதீர்கள். கலெக்டருக்கும் மைனஸுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 4 முதல் 7 வோல்ட் இருந்தால் டிரான்சிஸ்டர் சரி. ஸ்விட்ச் ஒயர்களைப் பாருங்கள். 9 வோல்ட் காட்டினால் டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்திருக்கலாம். பாதி உருகிய ஈயமும் ஒரு காரணம். மறுபடியும் சூடு காட்டுங்கள்.

கரகரப்பு போதவில்லையா? 390 ஓமுக்குப் பதில் 220 ஓம் போட்டுப் பாருங்கள்.

பெடல் செய்தவருக்குப் பெடல் மட்டும் கிடைப்பதில்லை. சால்டரிங் கைவரும். மீட்டர் பார்க்கத் தெரியும். கெட்ட ரேடியோவையும் கோயில் மைக்கையும் பிரித்துப் பார்க்கத் துணிச்சல் வரும். அது நாளைக்கு ஒரு தொழிலாகவும் ஆகலாம்.

பயிற்சி

1. மஞ்சள், ஊதா, சிவப்பு: இது எத்தனை ஓம்?
2. 22 லட்சம் ஓம் ரெசிஸ்டரின் மூன்று நிறங்கள் யாவை?
3. இரண்டு டையோடுகளையும் ஒரே பக்கமாக வைத்தால் அலை எப்படி இருக்கும்? நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.