ஹாலைச் சரிசெய்தால் வசனம் கேட்கும்

"சண்டை வந்தா வீடே அதிருது தம்பி. ஆனா பேசறது மட்டும் புரியமாட்டேங்குது."

ஹோம் தியேட்டர் வாங்கிய வீடுகளில் நான் அதிகம் கேட்கும் புகார் இதுதான். சொல்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெரியவர்கள். பிள்ளைகள் அவர்களுடைய காதைக் காரணம் காட்டுவார்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்லி, "இன்னும் பெரிய செட்டா எடுத்துடலாமா சார்?" என்று என்னைக் கேட்பார்கள். வடபழனி பக்கம் டப்பிங் தியேட்டர்களில் ஒலிப்பதிவு வேலை பார்த்துவிட்டு, இப்போது வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைத்துக் கொடுக்கிறேன். ஓர் எழுத்து மழுங்கினாலும் அந்த வரியை மறுபடி பேச வைக்கிற தொழிலில் பழகிய காது எனக்கு. பெரும்பாலான வீடுகளில் கோளாறு பெரியவரின் காதிலும் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. ஹாலில் இருக்கிறது.

நம் ஹால் எதனால் ஆனது? செங்கல் சுவர், சிமென்ட் பூச்சு, பட்டி பார்த்து வழவழவென்று பெயிண்ட். தலைக்கு மேல் கான்கிரீட். காலடியில் விட்ரிஃபைட் டைல்ஸ் அல்லது கிரானைட். துடைக்கச் சுலபம், வெயிலுக்குக் குளுமை, கரையான் பயம் இல்லை. நம் ஊருக்கு ஏற்ற வீடு இதுதான். ஆனால் இந்தப் பரப்புகள் தம்மேல் படும் சத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் வைத்துக்கொள்ளும். மிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். சத்தம் சுவருக்குச் சுவர், தரைக்குத் தளம் என்று அலைந்துகொண்டே இருக்கும்.

அதில் அடிபடுவது வசனம். பேச்சில் 'ஆ', 'ஓ' போன்ற உயிரொலிகள் பலமானவை, நீண்டு ஒலிப்பவை. 'க', 'த', 'ப' வரும் இடங்கள் நொடியில் வந்து போகிறவை, மெலிந்தவை. ஆனால் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுவது அவைதான். முந்தைய உயிரொலி அறையில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடுத்த மெய்யொலி வந்தால், அது மூழ்கிப்போகும். சத்தத்தைக் கூட்டினால் மூழ்கடிப்பதும் சேர்ந்தே கூடும். வால்யூம் எவ்வளவு ஏற்றினாலும் வசனம் தெளியாததற்கு இதுதான் காரணம்.

1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இதே புகார் எழுந்தது. புதிதாகக் கட்டிய ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேசுவது மாணவர்களுக்குப் புரியவில்லை. சரிசெய்யச் சொல்லி இயற்பியல் துறையின் 27 வயது ஆசிரியர் வாலஸ் சபைனிடம் ஒப்படைத்தார்கள். ஊர் அடங்கிய பிறகு, பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்குவார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, அந்தச் சத்தம் காதுக்கு மறைய எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்ப்பார். காலிக் கூடத்தில் அது ஐந்தரை நொடி. மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. அறையின் கொள்ளளவுக்கும் அது உறிஞ்சும் அளவுக்கும் உள்ள கணக்கு இப்படித்தான் பிடிபட்டது. அந்தக் கணக்கை வைத்துக் கட்டிய பாஸ்டன் சிம்பொனி ஹால் 1900இல் திறக்கப்பட்டது. இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை அரங்குகளில் ஒன்று.

சபைன் தேர்ந்தெடுத்த அலகு எனக்கு மிகவும் பிடிக்கும்: திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன சத்தம் திரும்பி வராது. ஆகவே ஒரு சதுர அடி திறந்த ஜன்னல் ஓர் அலகு. நம் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். 18 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயர ஹாலின் கொள்ளளவு 1,980 கன அடி. சபைனின் கணக்குப்படி அதை 0.049ஆல் பெருக்கினால் சுமார் 97. இதை அறையின் மொத்த 'ஜன்னல்' அளவால் வகுத்தால் சத்தம் அடங்கும் நேரம் நொடியில் கிடைக்கும். வெறும் சுவர், தரை, தளம் எல்லாம் சேர்த்து 976 சதுர அடி. அதில் நூற்றுக்கு இரண்டு என்றால் 20 அலகு. அதாவது ஏறக்குறைய ஐந்து நொடி! சோபா, ஆட்கள், சமையலறைக்குப் போகும் வழி எல்லாம் இதை நன்றாகவே குறைக்கும். ஆனால் வசனம் தெளிவாகக் கேட்க அரை நொடி அளவுக்கு வர வேண்டும். அதற்கு 190 அலகுக்கு மேல் தேவை.

மடிப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் ஹால் ஏறக்குறைய இந்த அளவுதான். மேலே சொன்ன புகாரும் அந்த வீட்டுப் பெரியவருடையது. தமிழ்ப் படத்தையே இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹாலின் நடுவில் நின்று கை தட்டினேன். பக்கச் சுவர்கள் இரண்டுக்கும் இடையே 'டிர்ர்ர்' என்று ஓர் அதிர்வு ஓடி அடங்கியது. உங்கள் வீட்டிலும் தட்டிப் பாருங்கள். அந்த 'டிர்ர்' வந்தால் எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்தாடுகின்றன என்று அர்த்தம்.

முதலில் காசில்லாத வேலைகளைச் செய்தோம். 5.1 செட்டில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும். அவர்கள் வீட்டில் அது டிவி யூனிட்டின் தட்டுக்குள், ஒரு முழம் உள்ளே தள்ளி இருந்தது. தட்டின் பலகைகளுக்குள் குரல் அடைபட்டு, பானைக்குள் பேசுகிற மாதிரி ஆகிவிடும். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டி வரும்படி வெளியே இழுத்து, முன்பக்கத்தின் அடியில் இரண்டு ரப்பர் துண்டு வைத்து, உட்கார்ந்திருப்பவரின் காதைப் பார்க்கும்படி தூக்கிவிட்டோம். சுவரோடு ஒட்டிக் கிடந்த சோபாவை இரண்டடி முன்னால் கொண்டுவந்தோம். "இப்ப கொஞ்சம் பரவால்ல தம்பி" என்றார் பெரியவர். அந்தக் 'கொஞ்சம்' போதாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அடுத்தது உறிஞ்சும் பலகை. கட்டுமானப் பொருள் கடைகளில் ராக்வுல் என்று கேட்டால் கிடைக்கும். இரண்டு இன்ச் கனம், கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி உள்ளது போதும். ஆசாரியிடம் சொல்லி நாலுக்கு இரண்டு அடி மரச்சட்டம் அடித்து, அதில் ராக்வுல்லை வைத்து, துணி சுற்ற வேண்டும். துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று அந்தப் பக்கம் போக வேண்டும். போனால் சத்தமும் உள்ளே போகும். ரெக்சின், பிளாஸ்டிக் பூச்சுள்ள துணி எதுவும் ஆகாது. ராக்வுல் இழை உடம்பில் பட்டால் அரிக்கும், மூச்சில் போகவும் கூடாது. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய்து, எல்லாப் பக்கமும் துணியால் மூடித் தைத்துவிட வேண்டும். சுவரில் மாட்டும்போது பின்னால் இரண்டு இன்ச் இடைவெளி விடுங்கள். சுவரை ஒட்டிய இடத்தில் காற்றணுக்கள் அசைவதில்லை. கொஞ்சம் தள்ளித்தான் ஆடும். ஆடுகிற இடத்தில் பஞ்சு இருந்தால்தான் அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்த முடியும்.

காடா துணி சுற்றலாம் என்று நான் சொன்னபோது அந்த வீட்டு அம்மா முகம் சுளித்தார். "ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடுமே சார்." பீரோவைத் திறந்து, உடுத்தாமல் வைத்திருந்த மாமியாரின் மதுரைச் சுங்குடிச் சேலைகளை எடுத்துக் கொடுத்தார். மெல்லிய பருத்தி, ஊதினால் காற்று தாராளமாகப் போனது. கருநீலத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு ஆறு பலகைகள். இன்று அந்த ஹாலுக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது அவற்றைத்தான்.

எங்கே மாட்டுவது என்பதற்கு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும். நீங்கள் சோபாவில் உட்கார, இன்னொருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டியபடி நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அங்கே பட்டுத்தான் சத்தம் உங்கள் காதுக்குத் திரும்புகிறது. முதல் பலகைகள் அங்கே. மிச்சம் சோபாவுக்குப் பின்சுவரில். பின்சுவரில் புத்தக அலமாரி இருந்தால் அதுவும் நல்லதே. உயரமும் கனமும் வேறுவேறான புத்தகங்கள் சத்தத்தைச் சிதறடிக்கும்.

ஜன்னலுக்குக் கனமான திரை, ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்து மடிப்பு மடிப்பாக. மெல்லிய நைலான் திரை வெளிச்சத்தை மட்டும்தான் தடுக்கும். தரையில் டிவிக்கும் சோபாவுக்கும் நடுவே தடித்த கம்பளம். இல்லையென்றால் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, அடியில் ஃபெல்ட் கொடுத்து விரிக்கலாம். இத்தனையும் செய்த பிறகு அந்த ஹால் என் கணக்கில் அரை நொடிக்குச் சற்று மேலே வந்து நின்றது. பெரியவர் ரிமோட்டை வாங்கி, தானே சப்டைட்டிலை அணைத்தார்.

காசு போடும் முன் சோதித்துப் பார்க்க விரும்பினால், வீட்டிலிருக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளைக் கண்ணாடி காட்டிய இடங்களில் நிமிர்த்தி வைத்து ஒரு படம் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் ஆசாரியைக் கூப்பிடலாம்.

முட்டை அட்டையை ஒட்டாதீர்கள், அது சொல்லும்படி எதையும் உறிஞ்சாது. தெர்மோகோலும் அப்படித்தான். கூர்கூராக விற்கும் ஓர் இன்ச் ஃபோம் உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டுவிடும், அறை மந்தமாகிப்போகும். சாதாரண ஃபோம் சட்டென்று தீப்பிடித்து நச்சுப்புகை விடும் பொருள் என்பதால், ஸ்விட்ச் போர்டு பக்கத்தில் அதைக் கண்டால் நான் கழற்றச் சொல்லிவிடுவேன்.

இனி பேஸ். யூடியூபில் பார்த்த யோசனைகள் நம் வீட்டில் பலிக்காமல் போவது இங்கேதான். அவற்றில் பல அமெரிக்க வீடுகளுக்கானவை. அங்கே மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அறைந்த சுவர். பேஸ் அடிக்கும்போது பலகை லேசாக அதிர்ந்து, ஒரு பகுதியைத் தானே வாங்கிக்கொள்ளும். நம் ஒன்பது இன்ச் செங்கல் அசையாது. பேஸ் பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,145 அடி போகிறது. அதை அறையின் நீளத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால், அந்த அறைக்கே உரிய அதிர்வெண் கிடைக்கும். மடிப்பாக்கம் ஹாலுக்கு நீளத்தில் 32, அகலத்தில் 52, உயரத்தில் 57 ஹெர்ட்ஸ். 52ம் 57ம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அங்கே சத்தம் குவிந்து, எந்தப் பாட்டின் அடியும் ஒரே 'பூம்' ஆகிவிட்டது. 52 ஹெர்ட்ஸ் அலையை ராக்வுல்லால் நன்றாகப் பிடிக்க வேண்டுமானால் அது சுவரிலிருந்து ஐந்தரை அடி தள்ளி நிற்க வேண்டும். எந்த ஹாலில் முடியும்?

ஆகவே இடத்தை மாற்றித்தான் பேஸைச் சரிசெய்ய வேண்டும். சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வையுங்கள். பேஸ் நிறைந்த பாட்டொன்றை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்தபடியே கேளுங்கள். எந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்கிறதோ, சப்வூஃபரின் இடம் அதுதான். அந்த வீட்டில் பேரன் தவழ்ந்தான். மூலையில் கிடந்த சப்வூஃபர் டிவிச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு வந்தது. சோபாவுக்கும் இதே விதி: பின்சுவரை ஒட்டினால் பேஸ் குவியும், அறையின் நட்டநடுவில் போட்டால் காணாமல் போகும். ரிசீவரோடு வரும் மைக் வைத்து அளக்கும் வசதி குவிந்ததைக் குறைக்கும். காணாமல் போனதைக் கொண்டுவராது. அதனால் இடம் மாற்றிய பிறகே அளக்க வேண்டும். அளக்கும்போது ஃபேனை அணைத்துவிடுங்கள். படம் பார்க்கும்போதும் ஃபேன் ஐந்தில் சுற்றினால் கிசுகிசுப்பான வசனம் காற்றோடு போய்விடும்.

பேஸ் சரியான பின், ஷோகேஸ் கண்ணாடியும் பரணில் அடுக்கிய எவர்சில்வர் பாத்திரமும் கிலுகிலுக்கும். ஃபெல்ட் துண்டு ஒட்டினால் அடங்கும். மேல் நோக்கி ஒலிக்கும் அட்மாஸ் ஸ்பீக்கருக்கு மட்டும் நம் கான்கிரீட் தளம் பெரிய வரம். பத்தடி உயரத்துச் சமதளத்தில் பட்டு மழைச் சத்தம் தலைக்கு மேலேயே கேட்கும். அந்த இடத்தில் படிப்படியாக ஃபால்ஸ் சீலிங் இறக்கிக் கெடுத்துவிடாதீர்கள். சுவரில் மாட்டும் ராக்வுல் பலகைகள் பக்கத்து வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ரிசீவரில் நைட் மோடு போட்டால் வெடிச்சத்தம் தணிந்து வசனம் மேலே வரும்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. சுவர் பூசும் முன், எலக்ட்ரீஷியன் பைப் போடும்போதே டிவிச் சுவரிலிருந்து பின்சுவரின் இரு மூலைகளுக்கும் ஸ்பீக்கர் வயருக்குப் பைப் இழுக்கச் சொல்லுங்கள். புரொஜக்டர் வைக்கிற எண்ணம் இருந்தால் தளத்துக்கும் ஒன்று. அது ஒன்றரை இன்ச் பைப்பாக இருக்கட்டும். முக்கால் இன்ச்சில் எச்டிஎம்ஐ வயரின் தலை நுழையாது. எல்லாப் பைப்புக்குள்ளும் ஒரு நைலான் கயிற்றை விட்டு, இரண்டு முனையையும் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.