குப்பனூர்ப் பக்கம் கொதிக்கும் கொள்ளு

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு பாதைகள். அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறுவது ஒன்று. அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு என்று சுற்றி ஏறுவது மற்றொன்று. முதல் பாதையில் மண் சரிந்தால்தான் வெளியூர்க்காரர்களுக்குக் குப்பனூர் ஞாபகம் வரும். சேர்வராயன் மலையில் மழை பிடித்துக்கொண்டால் இந்தப் பக்கத்து வீடுகளில் பலருக்கும் நாக்கு தேடுவது காரமான கொள்ளுப் பருப்பை. கூடவே ஒரு குண்டான் கொள்ளு ரசம்.

கொள்ளு மானாவாரிப் பயிர். தண்ணீர் குறைந்த மண்ணிலும் தாக்குப்பிடிக்கும். குதிரைக்கும் மாட்டுக்கும் போட்ட தீனி என்று நகரத்து வீடுகள் அதை ஒதுக்கிய காலம் உண்டு. நூறு கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் இருக்கும் பயறை அப்படி ஒதுக்கியது நஷ்டம்தான்.

செய்முறையில் பெரிய ரகசியம் எதுவுமில்லை, பொறுமைதான் வேண்டும். கொள்ளை இரவே ஊறப்போட வேண்டும். ஊறினால் சீக்கிரம் வேகும், வயிற்று உப்புசமும் குறையும். குக்கரில் குழைய வேகவைத்து, தண்ணீரைத் தனியாக வடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீர்தான் ரசத்துக்கு உயிர். கொட்டிவிட்டால் பாதிச் சமையல் போயிற்று. வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு, சீரகம், மல்லி விதை, ஐந்தாறு வரமிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம், உரித்த பூண்டு, கறிவேப்பிலை, ஒரு தக்காளி என்று போட்டு வதக்கி, வெந்த கொள்ளையும் உப்பையும் சேர்த்து மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் போடுகிறவர்கள் உண்டு. அது களிம்பு மாதிரி வழவழத்துப் போகும். கடைந்தால்தான் அரைத் திப்பியாக நின்று, பல்லுக்கு ஏதோ அகப்படும். வடித்த தண்ணீரில் புளியைக் கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, நுரை கட்டியதும் இறக்கினால் ரசம்.

இந்தக் காரம் உடம்பைச் சூடேற்றுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் உண்டு. மிளகாயிலுள்ள காப்சைசின், சூட்டை உணரும் நரம்பு ஏற்பியையே தூண்டிவிடுகிறது. அந்த ஏற்பியை 1997இல் அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. மிளகின் பைப்பரினும் அதே கதவைத்தான் தட்டுகிறது. வியர்க்கும், மூக்கு ஒழுகும், மூச்சு சற்று இலேசாகும். அதனால் சளி குணமாகிவிட்டது என்று நம்பினால் அது வேறு கதை. காப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். சுடுசோற்றில் கொள்ளுப் பருப்பைப் போட்டு நல்லெண்ணெய் ஊற்றிப் பிசையும் வழக்கம் காரத்தை மட்டுப்படுத்துவது இதனால்தான். உறைத்துவிட்டால் சொம்புத் தண்ணீரைவிடத் தயிர் நன்றாகக் கேட்கும்.

இவ்வளவு நம்முடையதாகிவிட்ட மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. போர்த்துகீசியர் வந்த பிறகு, 16ஆம் நூற்றாண்டில்தான் இந்தியாவில் பரவியது. அதுவரை காரத்துக்கு மிளகுதான். இன்று சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி ஏறும் கொடியும் மிளகுதான். அந்தக் காப்பியும் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் மலையேறியது. ரசத்துக்கு மிளகு, பருப்புக்கு மிளகாய் என்று ஒரே வேளையில் பழைய காரமும் புதிய காரமும் இலைக்கு வந்துவிடுகின்றன.

மிளகாயின் சொந்தக் கண்டத்திலும் இதற்கு உறவுக்காரச் சமையல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் காய்ந்த மிளகாயோடு மாட்டிறைச்சியை மணிக்கணக்கில் வேகவைத்து ‘சில்லி’ செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சான் அந்தோனியோ நகரத்துச் சதுக்கங்களில் பெண்கள் அதை இரவுக் கடை போட்டு விற்றார்கள். 1977இல் அது மாநிலத்தின் அதிகாரபூர்வ உணவானது. அதில் பயறு சேர்க்கலாமா என்ற சண்டை மட்டும் அங்கே இன்னும் ஓயவில்லை. பயறே பிரதானமான கொள்ளுப் பருப்பை டெக்சாஸ்காரர் சில்லி என்று ஒப்புக்கொள்ளமாட்டார். சேலத்துக்காரருக்கு அவர் சான்றிதழ் தேவையுமில்லை.

முதல்முறை செய்து பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். கொள்ளில் பொடிக்கல் கலந்திருக்கும், நிறமும் கொள்ளு போலவே இருக்கும். ஊறப்போடும் முன் முறத்தில் பரப்பிப் பொறுக்கி, நாலைந்து தண்ணீரில் அரித்துவிடுங்கள்.