கட்டிடக்கலைக் கல்வியும் சிக்கனக் கட்டுமானமும்

வீட்டுவசதித் திட்டங்களைப் பற்றிப் பேசும்போது, நிதி ஒதுக்கீட்டையும் வீடுகளின் எண்ணிக்கையையுமே பெரும்பாலும் கருத்தில் கொள்கிறோம். கட்டிடங்களை வடிவமைப்போர் பெறும் கல்வியும் செலவைத் தீர்மானிக்கும் ஒரு காரணியாகும்.

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டம் இதனை ஆராய ஏற்ற இடம். 1990இல் டெக்னோபார்க் நிறுவப்பட்டபின் அங்குக் கட்டுமானம் பெருகியுள்ளது. அண்மையிலுள்ள ஸ்ரீகாரியத்தில் கட்டிடக்கலைப் பட்டப்படிப்பை நடத்தும் அரசினர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அதே ஊரின் லயோலா வளாகத்திலும், பிரசாந்த் நகரிலுள்ள வளர்ச்சி ஆய்வு மையத்திலும் லாரி பேக்கர் வடிவமைத்த செங்கல் கட்டிடங்கள் அரை நூற்றாண்டாகப் பயன்பட்டு வருகின்றன.

பேக்கரின் முறைகள் எளியவை. ‘எலிப்பொறி’க் கட்டில் செங்கற்கள் படுக்கையாக அல்லாமல் பக்கவாட்டில் நிறுத்தப்படுகின்றன, சுவரினுள் வெற்றிடம் உண்டாகிறது. இதனால் ஏறத்தாழ 25 விழுக்காடு செங்கல் மிச்சமாவதோடு, வெப்பமும் எளிதில் உட்புகுவதில்லை. கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியே. அங்குக் கான்கிரீட்டின் பங்கு மிகக் குறைவு. எனவே கம்பிகளுக்கு இடையே பழைய மங்களூர் ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்தலாம். சிமெண்டுக்கான மூலப்பொருள்கள் சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றப்படுகின்றன. ஆகவே சிமெண்டில் சிக்கனம் எரிபொருளிலும் சிக்கனமாகும்.

இதில் பொருளாதார நியாயமும் உண்டு. ஆலைப் பொருளுக்குச் செல்லும் பணத்தில் ஒரு பகுதி, உள்ளூர்க் கொத்தனாரின் கூலியாகிறது. ஆயின் கூலி உயர்ந்த கேரளத்தில், தேர்ச்சியற்ற கைகளால் இவ்வேலை நடந்தால் மிச்சம் கரைந்துவிடும். 1985இல் சி. அச்சுத மேனன், கே. என். ராஜ், பேக்கர் முதலியோர் தோற்றுவித்த காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இம்முறைகளைப் பரப்பி வருகிறது. எனினும், ஓர் அமைப்பின் முயற்சி மட்டும் போதாது.

ஐந்தாண்டுப் பட்டப்படிப்பில் மாணவரின் உழைப்பில் பெரும்பகுதி வரைபடங்களுக்கே செலவாகிறது. மூன்று மாற்றங்கள் பயன் தரும். முதலாவதாக, ஒவ்வொரு மாணவரும் கொத்தனாருடன் ஒரு சுவரையேனும் கட்டிப் பழக வேண்டும். இரண்டாவதாக, வரைபடத்துடன் பொருள், கூலி, எரிபொருள் ஆகியவற்றின் கணக்கையும் அளித்து, அதற்கும் மதிப்பெண் பெற வேண்டும். மூன்றாவதாக, பயன்பாட்டிலுள்ள கட்டிடங்களின் வெப்பத்தையும் ஈரக்கசிவையும் அளந்து அறிய வேண்டும்.

அரசுத் துறைகளின் மதிப்பீட்டு அட்டவணைகளிலும் இம்முறைகள் இடம்பெறுதல் அவசியம். அட்டவணையில் இல்லாத வேலைக்கு ஒப்புதல் பெறுவது கடினம். ஒப்புதல் கிட்டாத முறையை மாணவர் கற்றும் பயனில்லை. கல்லூரியின் பாடமும் அலுவலகத்தின் விதியும் ஒருங்கே திருந்தினால்தான் சிக்கனக் கட்டுமானம் பரவலாகும்.