பேங்க் சர்வர் ஒண்ணாம் தேதி ஏன் திணறுகிறது? டேட்டாபேஸ் மெஷினுக்குள் ஒரு பார்வை

போன வருடம் ஒரு மாதத்தின் முதல் நாள். பென்ஷன் எடுக்கப் போன என் அம்மா, பதினொரு மணிக்கு வெறுங்கையுடன் ஒத்தக்கடை வீட்டிற்குத் திரும்பி வந்தார். "சர்வர் டவுனாம். ஏப்பா, நீயும் சர்வர்தான பாக்குற? அது ஏன் ஒண்ணாந்தேதி மட்டும் படுத்துக்கிடுது?" என்று கேட்டார். நான் பார்ப்பது அந்த பேங்கின் சர்வரை அல்ல. ஆனாலும் கேள்வி நியாயமானது. அம்மாவுக்குச் சொன்ன பதிலை, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன கணக்கு. உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சாதாரண ஹார்ட் டிஸ்க், விநாடிக்குச் சுமார் 100 எம்.பி. டேட்டாவைப் படிக்கும் என்று வைத்துக் கொள்வோம். 1 டெராபைட் அளவுள்ள ஒரு டேபிளை முழுவதும் படிக்க 10,000 விநாடிகள், அதாவது ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். உள்ளே எவ்வளவு வேகமான பிராசஸர் இருந்தாலும், டிஸ்க்கிலிருந்து டேட்டா வரும் வரை அது சும்மா காத்திருக்க வேண்டியதுதான். இதை நீங்களே பார்க்கலாம். விண்டோஸில் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் கீகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் டேபில் பாருங்கள். கம்ப்யூட்டர் மெதுவாக இயங்கும்போது சி.பி.யு. பத்து சதவீதத்திலும், டிஸ்க் நூறு சதவீதத்திலும் நின்றால், பிராசஸர் மேல் குற்றம் இல்லை.

சரி, ஒரே டிஸ்க்கிற்குப் பதிலாக 168 டிஸ்க்குகளை ஒரே நேரத்தில் படித்தால்? அதே 1 டெராபைட் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். 168 என்பது நான் சும்மா சொன்ன எண் அல்ல. ஆரக்கிள் நிறுவனம் 2008 செப்டம்பரில் அறிமுகப்படுத்திய எக்ஸாடேட்டா டேட்டாபேஸ் மெஷினின் முழு ரேக்கில் 14 ஸ்டோரேஜ் சர்வர்களும், ஒவ்வொன்றிலும் 12 டிஸ்க்குகளும் இருந்தன. இவற்றோடு 8 டேட்டாபேஸ் சர்வர்கள். முதல் மாடலுக்கு ஹார்ட்வேர் தந்தது எச்.பி. நிறுவனம். 2009ல் வந்த இரண்டாவது மாடலில் சன் நிறுவன ஹார்ட்வேர் இடம் பெற்றது. 2010 ஜனவரியில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கி முடித்தது. டேட்டாபேஸுக்கென்றே ஹார்ட்வேரையும் சாப்ட்வேரையும் சேர்த்து ஒரே பெட்டியாக விற்பது இதற்கும் பழைய யோசனைதான். டெராடேட்டா நிறுவனம் 1984ல் விற்ற மெஷினின் பெயர் டி.பி.சி. 1012. பத்தின் 12ஆவது அடுக்கு, அதாவது ஒரு டெராபைட் என்பதைக் குறிக்கும் பெயர் அது. அன்று அது பெரிய கனவு. இன்று அந்த அளவுள்ள டிஸ்க்கைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போகிறோம்!

ஆனால் டிஸ்க்குகளை மட்டும் கூட்டினால் போதாது. டிஸ்க்குகளிலிருந்து டேட்டாபேஸ் சர்வருக்குப் போகும் கேபிள் நிரம்பிவிடும். இங்கேதான் இந்த மெஷினின் உண்மையான சூட்சுமம் இருக்கிறது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் நூறு மூட்டை வெங்காயம் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது ஐந்து கிலோ சின்ன வெங்காயம். நூறு மூட்டையையும் லாரியில் ஏற்றித் திருமங்கலத்தில் உள்ள வீட்டில் இறக்கிப் பொறுக்குவீர்களா? கடைக்காரரிடமே பொறுக்கித் தரச் சொல்வீர்கள் அல்லவா? எக்ஸாடேட்டாவில் ஸ்டோரேஜ் சர்வர்களுக்கும் தனியே பிராசஸர் உண்டு. "மதுரைக் கிளை, நேற்றைய தேதி" என்று கேட்டால், பொருந்தும் வரிகளை அங்கேயே பொறுக்கி எடுத்து அவற்றை மட்டும் அனுப்பும். இதற்கு ஸ்மார்ட் ஸ்கேன் என்று பெயர். இன்னொரு வசதி ஸ்டோரேஜ் இண்டெக்ஸ். ஒவ்வொரு 1 எம்.பி. பகுதியிலும் உள்ள மிகச் சிறிய மதிப்பு என்ன, மிகப் பெரிய மதிப்பு என்ன என்று குறித்து வைத்துக் கொள்ளும். மூட்டையின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. சீட்டைப் பார்த்தாலே உள்ளே நமக்கு வேண்டியது இல்லை என்று தெரிந்தால், மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

இனி என் கதை. ஒரு நிதி நிறுவனத்தின் (பெயர் வேண்டாமே) டேட்டாபேஸ் மெஷினை நிர்வகிக்கும் குழுவில் நான் இருக்கிறேன். மெஷின் இருப்பது மும்பையில். நான் இருப்பது ஒத்தக்கடை வீட்டு மாடியில். மூன்று வருடங்களுக்கு முன், முதல் தேதி இரவு. தினமும் நள்ளிரவில் தொடங்கி 18 நிமிடத்தில் முடியும் பேட்ச் ஜாப் ஒன்று, ஒன்றரை மணி வரை முடியவில்லை. போன் வந்தது. காலை 6 மணிக்குள் அது முடியாவிட்டால், கிளைகளில் எல்லோருக்கும் பழைய பேலன்ஸ்தான் தெரியும். இ.எம்.ஐ. கட்டியவர் கட்டாதவராக நிற்பார்.

நான் செய்த முதல் தவறு, ஹார்ட்வேரைச் சந்தேகப்பட்டது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷின் மெதுவாகிறது என்றால் ஏதோ பழுதாகத்தானே இருக்கும்? ஒவ்வொரு ஸ்டோரேஜ் சர்வராக நுழைந்து அலர்ட் லிஸ்டைப் பார்த்தேன். டிஸ்க், கேபிள், பிளாஷ் மெமரி எல்லாம் நலம். உண்மையில் ஒரு டிஸ்க் போனால்கூட இந்த மெஷின் நிற்காது. ஒவ்வொரு டேட்டாவுக்கும் வேறு ஸ்டோரேஜ் சர்வரில் இரண்டாவது பிரதி, சில இடங்களில் மூன்றாவது பிரதியும் இருக்கும். இப்படியே ஒன்றேகால் மணி நேரம் வீணாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: ஜாப் எதற்காகக் காத்திருக்கிறது? டாஸ்க் மானேஜரில் நீங்கள் பார்ப்பது போல, டேட்டாபேஸிலும் ஒவ்வொரு வேலையும் எதற்காகக் காத்திருக்கிறது என்று பார்க்கலாம். "செல் ஸ்மார்ட் டேபிள் ஸ்கேன்" என்று இருக்க வேண்டிய இடத்தில், "செல் சிங்கிள் பிளாக் பிசிகல் ரீட்" என்று இருந்தது. அதாவது, ஒவ்வொரு வெங்காயமாக எடுத்துக் கொண்டு மாட்டுத்தாவணிக்கும் திருமங்கலத்துக்கும் நடந்து கொண்டிருந்தது!

ஏன்? அந்த டேபிளின் டேட்டா மாதவாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் பார்ட்டிஷன் என்று பெயர். (உங்கள் ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று பிரிக்கிறீர்களே, அந்த பார்ட்டிஷன் வேறு.) புது மாதத்திற்கான பார்ட்டிஷனை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருந்தோம். காலியாக இருந்த அந்த நேரத்தில் "இதில் வரிகள் பூஜ்யம்" என்ற குறிப்பும் பதிவாகிவிட்டது. முதல் தேதி லட்சக்கணக்கான வரிகள் உள்ளே வந்த பிறகும் அந்தக் குறிப்பு மாறவில்லை. எந்த வழியில் டேட்டாவை எடுப்பது என்று முடிவு செய்யும் ஆப்டிமைசர் அந்தக் குறிப்பை நம்பி, "நாலு வரிக்கு எதற்கு ஸ்கேன்? இண்டெக்ஸ் வழியாகப் போவோம்" என்று தீர்மானித்துவிட்டது. அதன் மேல் தப்பில்லை. குறிப்பைப் புதுப்பிக்கும் வேலையை, பார்ட்டிஷனில் டேட்டா வந்த பிறகு ஓடும்படி அமைக்காமல் விட்டது நான்தான்.

ஜாபை நிறுத்தி, அந்தப் பார்ட்டிஷனின் ஸ்டாடிஸ்டிக்ஸைப் புதிதாக எடுத்து, மீண்டும் ஓட விட்டேன். அது 20 நிமிடத்தில் முடிந்தது. அடுத்தடுத்துக் காத்திருந்த ஜாப்கள் எல்லாம் முடிய மணி 5.35. நடுவில் ஒருமுறை கரண்ட் போய், யு.பி.எஸ். பீப் பீப் என்று கத்தியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாத் தாமதமும் இப்படிப்பட்ட கவனக்குறைவு அல்ல. சில வேலைகளுக்கு சர்வரை நிறுத்தியே ஆக வேண்டும். 2024 ஜூலை 13, இரண்டாவது சனிக்கிழமை அன்று எச்.டி.எப்.சி. பேங்க் தன் கோர் பேங்கிங் சிஸ்டத்தைப் புதிய "என்ஜினியர்டு பிளாட்பார்ம்" ஒன்றுக்கு மாற்றியது. இதற்காக அதிகாலை 3 மணி முதல் மாலை 4.30 வரை என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. சொல்லிவிட்டு நிறுத்தினால், முந்தைய நாளே பணம் எடுத்து வைத்துக் கொள்ளலாம்.

"அப்ப எங்க பேங்குலயும் உன்ன மாதிரி ஒருத்தன் தூங்கிட்டானா?" என்று அம்மா கேட்டார். அப்படியும் இருக்கலாம், சம்பளம், பென்ஷன், இ.எம்.ஐ. எல்லாம் ஒரே நாளில் வந்து மோதியதாகவும் இருக்கலாம் என்றேன். இப்போதெல்லாம் அவர் மூன்றாம் தேதிதான் பேங்கிற்குப் போகிறார்.